வால் ஆடும் வேகம்

என் கொழுந்தனுக்குப் புனேயில் வேலை கிடைத்ததும் அவன் தன் அறையில் இருந்த கட்டிலுக்கு, பைக்குக்கு, பழைய கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஒரு வழி சொன்னான். கண்ணாடித் தொட்டியைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. கிளம்புகிற அன்று காலை இட்லி தின்றுகொண்டே, "மதினி, அதுக ரெண்டும் இங்கேயே இருக்கட்டும். நீங்க பாத்துக்குவீங்கள்ல?" என்றான். சட்னி ஊற்றிக்கொண்டிருந்த நான் "ம்" என்றேன். ஊருக்குக் கிளம்பி நிற்கிறவனிடம் வேறு என்ன சொல்வது.

அதுக என்றது இரண்டு கெக்கோக்களை. கெக்கோ என்றால் பல்லி இனம்தான். ஆனால் இந்த வகை, வீட்டுப் பல்லி மாதிரி சுவரில் ஏறாது, தரையில்தான் நடக்கும். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள். கண்ணுக்கு இமை உண்டு, தூங்கும்போது மூடிக்கொள்ளும். வால் கட்டைவிரல் கனத்துக்குத் தடியாக இருக்கும். தின்றதில் மிச்சத்தை அந்த வாலில்தான் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும் என்று கொழுந்தன் சொல்லியிருந்தான். அவன் கல்லூரியில் படித்த காலத்தில் சென்னையில் இதை வளர்த்து விற்கிற ஒருவரிடம் இரண்டையும் குட்டியாக வாங்கி வந்தான். இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்தாராம். அவன் ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தான். எனக்கு அது வாயில் நுழையவில்லை. பெரியது, சின்னது என்றே கூப்பிட்டேன்.

எங்கள் வீடு செல்லூரில். கீழே என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிற கடை, மேலே நாங்கள். தெரு முழுக்கத் தறிச் சத்தம். தறி மோட்டார் எரிந்தால் கடைக்கு வேலை வரும். நான் கோரிப்பாளையம் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் போட்டு ஆட்களை வரிசையாக உள்ளே அனுப்புகிற வேலை பார்க்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் கொழுந்தன் அவ்வளவு தைரியமாக விட்டுவிட்டுப் போனானோ என்று ஒரு தடவை தோன்றியது. அப்புறம் அதை நினைக்கவில்லை.

வளர்ப்பது ஒன்றும் பெரிய பாடில்லை. கோதுமைத் தவிட்டில் புழு வளர்க்க வேண்டும். அந்தப் புழுவில் கால்சியம் பொடியைப் புரட்டி, பொழுது சாயும் நேரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். தொட்டியின் ஒரு பக்கம் அடியில் சூடு கொடுக்கிற பாய் விரித்திருக்கும், மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்கும். தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள இரண்டு ஓட்டுத் துண்டு, ஒரு டப்பாவில் ஈரத் தேங்காய்நார்த் தூள். அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "இது கவுளி சொல்லுமா?" என்று கேட்டார். "இது வாயே தொறக்காதுக்கா" என்றேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தை முடிந்து வெயில் ஏற ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ போன் டர்ர் டர்ர் என்று அதிர்ந்தது. என் போன் கையிலேயே இருந்தது. அவருடையது சார்ஜில் கிடந்தது, அதிலும் ஒன்றும் இல்லை. சத்தம் தொட்டியிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தால் பெரியது உடம்பைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு, வால் நுனியை மட்டும் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்னதின் மேல் ஏறி, வாலில் கவ்வி, முதுகில் கவ்வி, கடைசியில் பிடரியைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை.

"என்னங்க, சீக்கிரம் வாங்க! கொல்லுதுங்க!"

அவர் கடையிலிருந்து ஒரு மூங்கில் குச்சியோடு ஓடி வந்தார். குச்சியால் தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. எனக்குப் பதற்றத்தில் நாய்ச் சண்டைதான் ஞாபகம் வந்தது. மக்கில் தண்ணீர் எடுத்து இரண்டின் மேலும் ஊற்றினேன். பிரிந்துவிட்டன. சின்னதை எடுத்து அரிசி போட்டு வைக்கிற ஒரு காலி டப்பாவில் விட்டு மூடியில் ஓட்டை போட்டோம். பெரியது தொட்டியில் நனைந்துபோய் ஒரு மாதிரி திகைத்து நின்றது.

கொழுந்தனுக்கு வீடியோ கால் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் பதறவில்லை. போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்க ஆரம்பித்தான்.

"எங்க கடிச்சது மதினி? கால்லயா, வயித்துலயா?"

"பிடரியில."

"வாலை ஆட்டுச்சா?"

"ஆட்டுச்சு. போன் அதிருற மாதிரி டர்ருனு."

"பூனை வால் மாதிரி மெதுவா வளைச்சு ஆட்டலையே?"

"இல்லப்பா, அம்புட்டு வேகம்."

"சின்னது என்ன பண்ணுச்சு? ஓடுச்சா, கத்துச்சா?"

யோசித்தேன். ஓடவில்லை. கத்தவில்லை. வாலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது. அதைச் சொன்னேன்.

"மதினி, போனை அண்ணன்கிட்ட குடுங்களேன்."

அவர் போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். "ம்... ம்... அப்படியா... அட" என்றார். பிறகு திரும்பி என் கையில் இன்னும் இருந்த மக்கைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் புரிவதற்கு ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சின்னது இருந்த டப்பாவைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அப்படியானால் பெரியது பெண் இல்லை. கொழுந்தன் சொன்னபடி அதை அடி தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தோம். மல்லாக்கப் போடக் கூடாது, பயந்துவிடும் என்றான். பின்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவில், கூரை வளைவு மாதிரி ஒரு வரிசையில் மெழுகு வைத்தது போலப் புள்ளிகள். அதற்குக் கீழே வால் ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டு புடைப்பு. சின்னதையும் பார்த்தோம். அதற்கு அந்தப் புள்ளிகள் வெறும் நிழலாகத்தான் இருந்தன, புடைப்பே இல்லை. குட்டியில் இதெல்லாம் தெரியாதாம். விற்றவர் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறார். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள் என்கிற போர்டுக்குக் கீழே தினமும் உட்காருகிறவள் நான். வீட்டுக்கு வந்து டப்பாவைத் தூக்கிப் பிடித்து டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

சில நாள் கழித்து இரண்டையும் மறுபடி ஒன்றாக விட்டோம். இந்தத் தடவை நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையில் டீயோடு, எதிலும் தலையிடாமல் பார்த்தேன். அதே டர்ர் சத்தம், அதே கவ்வல். நிதானமாகப் பார்த்தால் பயமாக இல்லை. பிடரியைப் பிடித்திருந்த வாயில் அழுத்தம் இல்லை. வழுக்காமல் இருக்கப் பிடித்த பிடி மாதிரித்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. விட்ட பிறகு இரண்டும் தனித்தனியாகப் போய்த் தங்களை நக்கிச் சுத்தம் செய்துகொண்டன. சின்னது நேராகப் போய்ப் புழுக் கிண்ணத்தில் தலையை விட்டது. சண்டை போட்ட எதுவும் அடுத்த நிமிஷம் இப்படிச் சாப்பிட உட்காராது என்று எனக்கே தோன்றியது.

கொஞ்ச வாரத்தில் சின்னதின் வயிற்றுத் தோலுக்கு அடியில் இரண்டு வெள்ளை நிழல் தெரிந்தது. ஒருநாள் ஈரத் தூள் டப்பாவைத் தோண்டித் தோண்டி வெளியே இறைத்திருந்தது. உள்ளே கேப்சூல் மாத்திரை மாதிரி நீளமாக இரண்டு முட்டை, மேலே மெத்தென்று இருந்தன. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மீன் வாங்கி வருகிற தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, ஒரு சின்ன பல்பும், சூடு ஏறினால் தானாக அணைக்கிற சுவிட்சும் வைத்து, முட்டைக்கு ஒரு வீடு செய்தார். மோட்டார் வேலை கிடக்க, இதற்கு ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தார். முட்டையைப் புரட்டக் கூடாது என்பதால், மேல் பக்கம் எது என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ஈரத் தூளில் பாதி புதைத்து வைத்தோம்.

அதுவரைக்கும் எல்லாம் நல்லபடி போனது.

முட்டையிட்ட பிறகு சின்னதின் வால் மெலிய ஆரம்பித்தது. முட்டையிட்டால் அப்படித்தான், நன்றாகத் தின்றால் தேறிவிடும் என்றான் கொழுந்தன். கால்சியம் பொடியைக் கூட்டினேன், புழுவைக் கூட்டினேன். கிண்ணம் காலியாகிக்கொண்டே இருந்தது, வால் மெலிந்துகொண்டே இருந்தது. பெரியதின் வால் மட்டும் சேப்பங்கிழங்கு மாதிரி ஆனது.

அதன் பிறகு தொட்டி முன்னாலிருந்து ஸ்டூலை நான் எடுக்கவில்லை. வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் அங்கேதான் உட்கார்ந்தேன். பெரியது இப்போதும் வாலை டர்ர் என்று அடித்தது, பிடரியைப் பிடித்தது. மேலோட்டமாகப் பார்த்தால் முன்பு பார்த்ததேதான். ஆனால் சின்னது முன்பு மாதிரி நிற்கவில்லை. நாலு காலையும் விறைத்து உடம்பைத் தூக்கிக்கொண்டு, வாலை மெதுவாக, பூனை மாதிரி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளைத்தது. வராதே என்று சொல்கிற ஆட்டம். பெரியது அதைச் சட்டை செய்யவே இல்லை. ஒரு நாள் சின்னது வாயைத் திறந்து கத்தியது. கீச்சென்று, கதவுக் கீலுக்கு எண்ணெய் விடாத மாதிரி ஒரு சத்தம். வாயே திறக்காது என்று நான் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்த பிராணி. மறுநாள் பார்த்தால் கடித் தடம் பிடரியில் மட்டும் இல்லை. விலாவில் இருந்தது, தொடையில் இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். பெரியது, சின்னது ஒளிகிற ஓட்டின் வாசலிலேயே படுத்துக் கிடந்தது. சின்னது சூடு இல்லாத மூலையில், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தது. அதற்குச் சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். "ரெண்டையும் பிரிச்சு வைக்கணுங்க."

"அன்னைக்கும் இதேதான் சொல்லித் தண்ணியை ஊத்துன" என்றார். "புருசன் பொண்டாட்டி சண்டை. தானா சரியாயிரும்."

அன்றைக்குத் தப்பாகச் சொன்னதால் இன்றைக்கு என் பேச்சுக்கு மதிப்பில்லை. கொழுந்தனைக் கூப்பிட்டேன். அவன் ஆபீஸ் அவசரத்தில் இருந்தான்.

"சீசன்ல அது அப்படித்தான் மதினி."

"எது அப்படித்தான்?" என்றேன்.

என் குரல் எனக்கே கொஞ்சம் உயர்ந்துதான் கேட்டது. அவன், "சாயந்தரம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் அவரிடம் வாதாடவில்லை. தோசை ஊற்றித் தட்டைக் கையில் கொடுத்து, "இன்னைக்கு இந்த ஸ்டூல்ல உக்காந்து சாப்பிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். உட்கார்ந்தார். புழுக் கிண்ணத்தை வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவர் பார்த்தது இது, அடுப்படி வாசலிலிருந்து எனக்கும் தெரிந்தது. சின்னது கிண்ணத்தைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றது. பிறகு ஒவ்வொரு காலாக வைத்து வந்து ஒரு புழுவைக் கவ்வியது. அதற்குள் பெரியது அந்தக் கோடியிலிருந்து எழுந்து நடந்து வந்தது. கடிக்கவில்லை, வாலை ஆட்டவில்லை, வெறுமனே வந்தது. சின்னது வாயிலிருந்த புழுவைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி மூலைக்குப் போய்விட்டது.

அவர் மிச்சத் தோசையைச் சாப்பிடாமல் எழுந்து கீழே கடைக்குப் போனார். கடையில் ஸ்விட்ச், ஃபியூஸ் எல்லாம் அடுக்கி வைக்கிற பழைய கண்ணாடி ஷோகேஸ் ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து மேலே தூக்கி வந்தார். அன்றைக்கே சின்னதுக்குத் தனி வீடு ஆனது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் இருக்க நடுவில் அட்டை வைத்தோம்.

தனியாக வந்த பிறகும் சின்னது ஒரு தடவை முட்டையிட்டது. ஒரு தடவை சேர்ந்தால் அடுத்தடுத்து இடுமாம். ஆனால் இப்போது அது சூட்டு மேலேயே படுத்திருந்தது, வைத்த புழுவை எல்லாம் தின்றது. வால் மெல்ல மெல்ல உருண்டு வந்தது.

இதற்குள் கொழுந்தன், பெரியது தனியாகக் கிடக்கிறதே என்று வருத்தப்பட்டு, கெக்கோ வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். பேரையூரிலிருந்து ஒரு பையன் பேசினான். பையன் என்றால் கல்யாணம் ஆனவன். வீட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற விவசாயம், இவன் டிராக்டர் உதிரி பாகக் கடையில் வேலை. அவனிடம் ஒரு பெண் கெக்கோ இருக்கிறதாம். சேர்த்து விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். எனக்கு இஷ்டமில்லை. கொஞ்ச நேரம், என் கண் முன்னால், அவ்வளவுதான் என்றால் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பொண்டாட்டியுமாக பஸ்ஸில் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஐஸ்கிரீம் டப்பாவைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தாள். கெக்கோ உண்மையில் அவளுடையதாகிவிட்டிருந்தது. அவன் காலேஜ் ஹாஸ்டலில் நண்பனிடம் வாங்கி வந்தது. கல்யாணமாகி வந்தவள் கையால் புழு ஊட்டி ஊட்டி, அது அவளிடம் ஒட்டிக்கொண்டதாம். பாப்பா என்று கூப்பிட்டாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாச்சு" என்று அவர் கேலி செய்தார். நான் கறிக்குழம்பு வைத்திருந்தேன்.

"தம்பி, முதல்ல அடியில பாத்துருவோம்" என்றேன்.

"பொட்டைதான்க்கா. வாங்கையிலயே சொல்லித்தான் குடுத்தான். அம்புட்டு சாந்தம்."

"எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

அந்தப் பெண் டப்பாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "பஸ்ல வந்ததே மெரண்டு போயிருக்குக்கா. இப்பத் தூக்கி எடுத்தா இன்னும் பயந்துரும்" என்றாள். அதுவும் நியாயம்தான். சரி, டப்பாவை மூடியபடியே தொட்டிக்குள் வைப்போம், பெரியது என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுத் திறக்கலாம் என்றேன். டப்பா, உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற மாதிரிதான் இருந்தது.

நான் காது கொடுத்துக் காத்திருந்தேன். டர்ர் சத்தம் வரவில்லை. பெரியது டப்பாவை நாக்கால் ஒரு தடவை தொட்டது. பிறகு நாலு காலும் விறைக்க எழுந்தது. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நின்றது, தன்னைப் பெரிதாகக் காட்டுவது போல. வால் மெதுவாக வளைந்தது. டப்பாவுக்குள் இருந்ததும் அதே மாதிரி எழுந்தது.

"தம்பி, தொறக்காதீங்க" என்றேன்.

அவன் ஏற்கெனவே மூடியை எடுத்திருந்தான்.

அதற்குப் பிறகு நடந்தது கண் இமைக்கிற நேரம். பிடரியைத் தேடவே இல்லை. வாய்க்கு எட்டிய இடத்தில் கடித்தன. ஒன்று மற்றொன்றின் முன்னங்காலைப் பிடித்தது. இரண்டும் உருண்டன. கீச்சென்ற கத்தல். நான் அந்தப் பெண்ணின் துண்டை இழுத்து இரண்டின் மேலும் போட்டேன். இருட்டானதும் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அவர் துண்டோடு சேர்த்துப் பெரியதைத் தூக்கிவிட்டார். தொட்டிக்குள் பாப்பா ஒரு மூலையில் நின்றது. நடுத் தரையில் அதன் வால் தனியாகக் கிடந்து துள்ளியது.

வீட்டுப் பல்லியின் வால் துடிப்பதைப் பார்க்காதவர்கள் இல்லை. இது அதைவிடப் பெரிது. விரல் கனத்தில் ஒன்று தானாகத் துள்ளித் துள்ளிக் கண்ணாடியில் மோதிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

நான் பாப்பாவை அடி தெரிகிற டப்பாவில் எடுத்து விட்டேன். வால் போன இடத்தில் ரத்தம் அதிகம் இல்லை, சுருங்கி மூடிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன். கூரை வளைவு மாதிரி மெழுகுப் புள்ளி வரிசை. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "இம்புட்டு நாளா பாப்பா பாப்பான்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கோமேக்கா" என்றான். அவன் பொண்டாட்டி அவனை முறைத்தாள்.

"அக்கா, இதுக்கு வலிக்குமா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

"வலிக்கும்தான். ஆனா வால் திரும்ப வளரும்மா" என்றேன். கொழுந்தன் முன்பே சொல்லியிருந்ததை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். தூள், மண் எதுவும் புண்ணில் ஒட்டக் கூடாது, வெறும் டிஷ்யூ பேப்பர் விரித்து அதன் மேல் விட வேண்டும், தினமும் மாற்ற வேண்டும், சேர்த்து வைத்த கொழுப்பு போய்விட்டதால் புழு கூடுதலாக வைக்க வேண்டும். புண் கறுத்தாலோ வீங்கினாலோ டாக்டரிடம் தூக்கிப் போக வேண்டும். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். சொல்லி முடித்ததும், "சண்டை போடப் போகுதுன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? தொறக்காதீங்கன்னு நீங்க முன்னாடியே சொன்னீங்களே" என்றாள். அரிசி டப்பா கதையைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றிய இடம் வந்தபோது அழுத கண்ணோடு லேசாகச் சிரித்தாள்.

கறிக்குழம்பு வீணாகவில்லை. எல்லாரும் சாப்பிட்டோம். அவன் மட்டும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். போகும்போது அவர் அவன் தோளைத் தட்டி, "விடுங்க மாப்ள, எங்க வீட்டுலயும் இதே கதைதான்" என்றார்.

பெரியதுக்கு முன்னங்காலில் ஒரு கீறல், வேறொன்றும் இல்லை. இரண்டு நாள் ஓட்டுக்கு அடியிலேயே கிடந்தது, பிறகு சாப்பிட வந்தது. இனி அதற்கு ஜோடி தேட வேண்டாம் என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டேன். அவன் இந்தத் தடவை எதிர்த்துப் பேசவில்லை. "தனியா இருந்தா அதுக்கு ஒண்ணும் இல்ல மதினி. நமக்குத்தான் பாவமா தெரியுது" என்றான்.

பேரையூரிலிருந்து போட்டோ வந்துகொண்டே இருந்தது. முதலில் மொட்டையாக, பிறகு ஒரு சின்ன மொட்டு, பிறகு முள்ளங்கி மாதிரி ஒரு வால். பழைய வாலில் இருந்த வளையங்கள் இதில் இல்லை, நிறமும் வேறு. "அசிங்கமா இருக்குல்லக்கா?" என்று அவள் குரல் செய்தி அனுப்புவாள். நான் இல்லை என்பேன். உண்மையில் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

கோடை உச்சத்தில் இருந்தபோது தெர்மோகோல் பெட்டியில் முட்டை ஒன்று வியர்த்தது போல நனைந்திருந்தது. மறுநாள் காலையில் ஓடு கிழிந்து உள்ளே ஒரு குட்டி. கறுப்பும் மஞ்சளும் மாறி மாறிப் பட்டை. அவர் ஆசையாக விரலை நீட்டினார். விரலளவே இருந்த அந்த ஜீவன் நாலு காலில் எழுந்து, வாலை வளைத்து ஆட்டி, வாய் பிளந்து அவரைப் பார்த்து ஒரு கத்துக் கத்தியது. அவர் கையை இழுத்துக்கொண்டார். "பொறந்து முழுசா ஒரு நாள் ஆகல, இதுக்கு வந்த கோவத்தைப் பாரு" என்றார். முதலில் இட்டதில் இன்னொன்றும் அடுத்த நாள் பொரிந்தது. இரண்டாம் தடவை இட்ட முட்டைகள் சுருங்கிப்போய்விட்டன, அவற்றில் ஒன்றும் வரவில்லை. இரண்டு குட்டியையும் ஆரம்பத்திலிருந்தே தனித்தனி டப்பாவில் வைத்தேன்.

ஒன்றைக் கொழுந்தன் தீபாவளிக்கு வந்தபோது புனேக்கு எடுத்துப்போனான். இன்னொன்றை எடுத்துக்கொண்டு நானும் அவரும் பேரையூருக்குப் போனோம். மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். வீட்டுக்குப் பின்னால் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. அந்தப் பெண் வாசலிலேயே காத்திருந்தாள். டப்பாவை வாங்கி மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது.

"ஒண்ணும் தெரியலையேக்கா."

"இன்னும் கொஞ்சம் வளரணும்."

உள்ளே ஒரு மேஜையில் பாப்பாவின் தொட்டி இருந்தது. பேரை மாற்றவில்லை, அப்படியே பழகிவிட்டது என்றாள். மேஜையின் மறுகோடியில் குட்டிக்குப் புதிதாக ஒரு தொட்டி வாங்கி வைத்திருந்தான் அவன். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள்காட்டி அட்டையை நிறுத்தியிருந்தார்கள். குட்டி புது இடத்தில் சுற்றிச் சுற்றி நக்கிப் பார்த்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது பொண்ணா இருந்தா, அப்புறமா ரெண்டையும் ஒண்ணா வைக்கலாமாக்கா?"

"சேர்க்கணும்னா கொஞ்ச நேரம் சேர்க்கலாம். பக்கத்துலயே இருந்து பாத்துட்டுப் பிரிச்சிரணும். ஒரே வீடா வைக்க வேணாம்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ரெண்டு தடவை புழு வைக்கணும், ரெண்டு தடவை தண்ணி மாத்தணும். அம்புட்டுத்தானே" என்றாள். சொல்லிவிட்டுக் குட்டியின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.